கரையில் நிற்க ஓர் ஆள்

அக்கா,

குளியலறைக் கம்பியில் உங்கள் கையுறைகள் தொங்குகின்றன. கதவைச் சாத்திவைத்தாலும் அவற்றின் வாசனை கூடத்துக்கு வந்துவிடுகிறது. நனைந்த ரப்பரும் குளத்துப் பாசியும் கலந்த வாசனை. குளிர்நீரில் நீந்துகிறவர்கள் போடும் இந்த நியோப்பிரீன் துணியின் குணத்தை இப்போதுதான் கவனிக்கிறேன். துணி காய்ந்தாலும் வாசனை காய்வதில்லை. சமையலறையில் சீரகம் வறுத்துப் பார்த்தேன். சீரகம்தான் தோற்றது.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை உங்கள் மகள் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றாள், சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அன்ரி, இது அம்மான்ர குளத்துச் சாமான். எறிய மனம் வரேல்லை. வீட்டில வைக்கவும் ஏலாது, பார்க்கப் பார்க்க அழுகை வருது. நீங்க வைச்சிருக்கிறீங்களோ?"

"தாங்கோ பிள்ளை. உள்ள வாங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்லை அன்ரி, எனக்கு டொக்டரிட்ட ஒரு டெர்மின் இருக்கு." படியில் இறங்கப் போனவள் திரும்பி நின்றாள். "நீங்க தனியப் போயிடாதேங்கோ, என்ன? அம்மா ஆஸ்பத்திரியில இருக்கேக்க சொன்னவ. ரீச்சரைத் தனியத் தண்ணிக்க இறங்க விடாதே எண்டு."

"நான் ஏன் பிள்ளை தனியப் போறன்?" என்றேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. தனியாகப் போகாவிட்டால் யாரோடு போவது? என் மகன் கனடாவில், என் மகள் மியூனிக்கில். கோயிலில் காண்கிற பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் கோடையில் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கே கால்வாயில் பெருவிரலை மட்டும் நனைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். அவர்களில் யாரைப் போய், பனி கொட்டுகிற மாதத்தில் குளத்துக்கு வாருங்கள் என்று கேட்பது? போகாமலே விட்டுவிடலாம். என் வயதில் யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் குளத்தை விட்டால், காலையில் எழும்புவதற்கு எனக்கு வேறொரு காரணம் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். அதனால்தானே உங்கள் மகளிடம் சொல்லிவைத்தீர்கள்.

தொடக்கிவைத்தவரும் நீங்கள்தான். நான் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். என் கணவர் போய் இரண்டாவது இலையுதிர்காலம். முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போகும் வழக்கம் விடாமல், ஓய்வு பெற்ற பிறகும் இருட்டோடு எழும்புகிற ஆள் நீங்கள். விடிந்தும் விடியாமலும் போன் அடித்தீர்கள்.

"ரீச்சர், என்ன செய்யிறியள்?"

"சும்மா இருக்கிறன் அக்கா."

"அதுதான் வருத்தம். வெளிக்கிடுங்கோ. எனக்குக் கரையில நிக்க ஒரு ஆள் வேணும்."

காரில் போகும்போதுதான் விசயத்தைச் சொன்னீர்கள். உங்களோடு வேலைசெய்த ஒரு ஜேர்மன் பெண் வருடக்கணக்காகக் குளிர்நீரில் நீந்துகிறாளாம். மூட்டு வலி ஓடிவிட்டதாம். அவள் மூன்று புத்தி சொன்னாளாம். தனியாக இறங்காதே. மெதுவாக இறங்கு. தலையை நனைக்காதே. முதல் இரண்டையும் நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள்.

ஊருக்கு வெளியே மணலும் சரளையும் அள்ளிய பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறி உண்டான குளம் அது. சுற்றிவர நாணல், ஒரு பக்கம் குளிக்க அனுமதித்த சிறு மணற்கரை, உட்கார ஒரு மர வாங்கு. நீங்கள் குளிர்கால மேலங்கியைக் கழற்றினீர்கள். உள்ளே பார்த்தால் குறுக்குக்கட்டு! கிணற்றடியில் பெண்கள் மார்புக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு குளிப்பார்களே, அதே பருத்தித் துணி, சிவப்பில் வெள்ளைப் பூ.

"அக்கா, நீச்சலுடுப்பு இல்லையோ?"

"உந்த வயசில துடை தெரிய நிக்கச் சொல்லுறியளோ? குறுக்குக்கட்டோட குளிச்சு ஆர் செத்தது?"

கிணற்றடியில் தண்ணீர் மேலிருந்து விழும். துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குளத்திலோ தண்ணீர் கீழிருந்து வரும். இந்த வித்தியாசத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. இடுப்பளவு போனதும் துணிக்குள் இருந்த காற்றெல்லாம் மேலே வந்து, உங்களைச் சுற்றி ஒரு பெரிய சிவப்புக் குமிழ் எழும்பியது. நீங்கள் ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் கிளம்பியது. சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு போன ஒரு கணவனும் மனைவியும் நிறுத்திப் பார்த்தார்கள். அது என்ன, புதுவகைப் பாதுகாப்பு மிதவையா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யா, யா," என்று நடுங்கிக்கொண்டே சொன்னீர்கள். "மொடல் ஸ்ரீலங்கா!"

பிறகு, நான் கத்தக் கத்தத் தலையும் மூன்று தரம் முழுகிவிட்டு எழும்பினீர்கள். "தலை முழுகாமல் வந்தால் அது குளிப்போ? கால் கழுவுறது!" முதுகு நிறைந்த ஈரத்தலை, வடக்குக் காற்று. உதடு கறுத்துப் பல் அடித்தது. காரின் சூட்டையெல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு வரும் வழி முழுக்க என்னைத்தான் ஏசினீர்கள். "படிச்ச மனிசி, கரையில நிண்டு என்ன பார்த்தனியள்? மறிச்சிருக்கக் கூடாதோ?"

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சாமான் சேர்ந்தது. பையிலிருந்து அவற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தபோது ஒவ்வொன்றும் உங்கள் குரலில் பேசியது. நியோப்பிரீன் கையுறையும் காலுறையும். "மீன்காரன் போடுறது மாதிரி இருக்கு." இடுப்பில் வார் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தும் செம்மஞ்சள் மிதவை. அது பிடித்துக்கொள்வதற்கு மட்டுமில்லை, தூரத்தில் இருப்பவர் கண்ணில் நாங்கள் படுவதற்கு. அதன் உள்ளறைக்குள் வீட்டுப் பூட்டைத் திறக்கும் திறப்பும் ஒரு துண்டுக் கற்கண்டும் வைப்பீர்கள். கம்பளித் தொப்பி, தலை முழுகும் ஆசைக்கு நான் போட்ட பூட்டு. பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய, மீன் வடிவக் குளியல் வெப்பமானி. அதன் கோடுகள் குழந்தைக்கேற்ற இளஞ்சூட்டைத்தான் காட்டும். எங்கள் குளத்துக்கு அந்த மீனின் வாலுக்கும் கீழே ஒரு கோடு நீங்களே பேனையால் கீறினீர்கள்.

கடைசியாக அந்த நீள அங்கி. உள்ளே கம்பளி, வெளியே மழைத்துணி, காலிலிருந்து நாடி வரை ஒரு சிப். ஒன்றுதான் வாங்கினோம். ஒருவர் தண்ணீரில், மற்றவர் கரையில் என்பது எங்கள் முறை. இருவரும் ஒன்றாக இறங்கியதே இல்லை. அங்கி கரையில் நிற்பவரின் கையில் விரிந்து காத்திருக்கும். வெளியே வருகிறவரின் விரல்கள் விறைத்திருக்கும் என்பதால் சிப்பை இழுத்துவிடுவதும் கரையில் நிற்பவரின் வேலை.

குளிர் முதலில் விரலைப் பிடிக்கும், பிறகு நாக்கைப் பிடிக்கும். நாக்குக் குழறினால் உடனே வெளியே வரவேண்டும். இதைச் சோதிக்க நான் ஆசிரியப் புத்தியில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன்.

"ரீச்சர், நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினதே வாய்ப்பாட்டுக்குப் பயந்துதான். ஜேர்மனிக்கும் கலைச்சுக்கொண்டு வந்திட்டியளே?"

அன்றோடு வாய்ப்பாட்டை விட்டோம். உங்களுக்குத் தட்டாமல் வருவது ஏச்சுத்தான். தண்ணீரில் நின்றாலும் ஏசுவீர்கள், கரையில் நின்றாலும் ஏசுவீர்கள். பிந்தி வரும் ரயிலை, கோயில் சபையை, மருமகனின் தாடியை. எல்லாம் முடிந்தால் என்னை. நான் கழுத்தை நீட்டிக்கொண்டு மெதுவாக நீந்துவதைப் பார்த்து, "உங்களுக்கென்ன விசரே ரீச்சர்? வகுப்புக்கு வாற மாதிரித் தண்ணிக்க வாறியள். மீனெல்லாம் எழும்பி நிண்டு குட் மோர்ணிங் சொல்லுதோ?" என்பீர்கள். எனக்குப் பைத்தியமா என்று கேட்காமல் என்னை ஏசத் தொடங்கியதே இல்லை நீங்கள். நான் ஏதாவது திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் நான் நலம். நீங்கள் ஏசினால் நீங்கள் நலம். இதைவிட எளிய ஒரு சோதனையை எந்த வைத்தியரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்.

அது எவ்வளவு சரியான சோதனை என்று ஒரு மாசிமாதக் காலையில் தெரிந்தது. கரையோரம் கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி பிடித்திருந்தது. நீங்கள் மருமகனில் தொடங்கி நன்றாகத்தான் ஏசிக்கொண்டிருந்தீர்கள். இடையில் ஓர் அமைதி.

"அக்கா, எப்படி?"

"நல்லா இருக்கு ரீச்சர்," என்றீர்கள். "நன்றி."

நன்றி! சப்பாத்தோடும் சேலையோடும் தண்ணீருக்குள் இறங்கினேன். உங்கள் கையைப் பிடித்து இழுத்தபோது சின்னப்பிள்ளைபோல் மறுக்காமல் வந்தீர்கள். அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது. ஈரத்தைக் கழற்றி, அங்கிக்குள் நுழைத்து, வாங்கில் இருத்தினேன். கைகாலைத் தேய்க்க மனம் உந்தியது. காய்ச்சல் குளிருக்கு எண்ணெய் சூடாக்கி உள்ளங்கால் தேய்க்கிற பரம்பரை அல்லவா நாங்கள்? ஆனால் தேய்க்கக் கூடாது என்று உங்கள் ஜேர்மன் தோழி சொல்லியிருந்தாள். அதற்கு நான் பிறகு உங்களுக்கு ஓர் உதாரணம் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஒரு பெரிய பானையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் சுடுநீர், விளிம்பெல்லாம் பனிநீர். அகப்பையைப் போட்டுக் கலக்கினால் என்ன ஆகும்? நடுவிலிருக்கும் சூடும் போய்விடும். ஆகவே கலக்காமல், மூடிவைத்துப் பொறுத்திருக்க வேண்டும்.

அன்று நான் மூடிவைத்துப் பொறுத்திருந்தேன். நீங்கள் நடுங்கத் தொடங்கினீர்கள். சுடுதண்ணிப் போத்தலில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். வெகுநேரம் கழித்து வாயைத் திறந்தீர்கள்.

"உதென்ன தேத்தண்ணி? மாட்டுக்கு வைக்கிற கழுநீர் மாதிரி."

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சந்தோசம்.

நோய் வயிற்றில் வந்தது. நீங்களாக அதைச் சொல்லவில்லை, தொடர்ந்து மூன்று கிழமை கரையில் நின்றீர்கள். "இண்டைக்கும் நீங்களே இறங்குங்கோ, எனக்கு அலுப்பு" என்றீர்கள். நான்காவது கிழமை மடக்குக் கதிரை கொண்டுவந்தீர்கள். அந்த நீள அங்கியை நீங்கள் உலர்ந்த உடம்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. உங்களிடமிருந்து அங்கியை வாங்காமல் துவாயைச் சுற்றிக்கொண்டு காருக்கு நடந்தேன். நீங்கள் கதிரையில் இருந்தும் ஏச்சில் குறைவைக்கவில்லை. "குனிஞ்சு நிமிர்ந்து வாங்கோ ரீச்சர், கூனல் விழுந்திடும்."

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். சாப்பாட்டை ஏசினீர்கள். ஊசி போட வந்த பெடியனைச் சிரித்துக்கொண்டே தமிழில் ஏசினீர்கள். அவன் புகழ்ச்சி என்று நினைத்து நன்றி சொன்னான். நான் பக்கத்தில் இருந்து, நலம், நலம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் போனேன். யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். நான் கொண்டுவந்த சூப்பைக் கரண்டியால் தந்தேன். வேண்டுமென்றே உப்பில்லாமல் காய்ச்சியிருந்தேன், ஒரு வார்த்தை கேட்கலாம் என்று. இரண்டு கரண்டி குடித்தீர்கள்.

"நல்லா இருக்கு ரீச்சர்," என்றீர்கள். "கரைச்சல்பட்டுக் கொண்டந்ததுக்கு நன்றி."

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. உங்கள் மகள் என்னைப் பார்த்தாள். அம்மா எவ்வளவு அமைதியாக இருக்கிறா என்று அவளுக்குச் சந்தோசம். நான் எழும்பி உங்கள் கையைப் பிடித்தேன். விரல்கள் சூடாகத்தான் இருந்தன. குளத்தில் என்றால் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

உங்கள் இறுதிக் கிரியையில் இரண்டு பேர் எனக்குப் பின்னால் நின்று கதைத்தார்கள். "உந்தக் குளத்துப் பனித்தண்ணியில போய் விழுந்தால் நோய் வருத்தம் வராதோ?" நீங்கள் கேட்டிருந்தால் பெட்டியிலிருந்து எழும்பி ஏசியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள்.

பை வந்த பிறகு நான் பல காலைகள் குளத்துக்குப் போனேன், பார்ப்பதற்கு மட்டும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. பஸ்ஸில் போய், கடைசித் தரிப்பிலிருந்து வயல் ஓரமாக நடக்க வேண்டும். பை மடியில் இருக்கும். யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அது அவ்வளவு பெரிய பை. கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பேன். வெப்பமானியைப் போட்டு எடுப்பேன். திரும்பி வருவேன். உங்கள் மகளுக்குக் கொடுத்த சொல்லும் தப்பவில்லை, குளத்தையும் விடவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒருநாள் இறங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில் எறித்தது, அவ்வளவுதான். உங்கள் கையுறைகள் எனக்குப் பெரிது, அதற்குள் தண்ணீர் புகுந்தது. மார்பளவில் நின்று மூச்சைப் பிடித்து விட்டேன். வழக்கமாக அந்தக் கணத்தில் கரையிலிருந்து உங்கள் முதல் ஏச்சு வரும். நாணல் அசைந்தது. தூரத்தில் ரயில் போனது. திருப்பிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நாக்குக் குழறுகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீந்தாமல் திரும்பி வந்தேன்.

அங்கியைப் போட்டேன். சிப்பை இழுக்க முடியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் விறகுக்கட்டை. குனிந்து பல்லால் கவ்விப் பார்த்தேன். அப்படி நான் நின்றபோது, நாயோடு நடந்து வந்த ஒரு வயதான மனிதர் நாயை வாங்கில் கட்டிவிட்டு வந்தார். ஒன்றும் கேட்காமல் சிப்பை என் நாடி வரை இழுத்துவிட்டார்.

"தனியாகவா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"ஆம்," என்றேன். தனியாக இருக்கிறேன் என்று நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் குளத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "இவன் எப்படியும் நடக்கத்தான் வேண்டும். நாளைக்கும் இந்த நேரம் வருவோம்."

அக்கா, இந்த வெஸ்ட்பாலியாப் பக்கத்து ஜேர்மன் மனிதர்களைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, "கதைக்கிறதுக்கும் வரி கட்டோணும் எண்டு நினைக்கிற சனம்" என்று. இவர் அதில் முதல் ஆள். நான் இறங்குவேன், அவர் நிற்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "ஆலெஸ் கூட்?" என்பார். எல்லாம் நலமா என்று கேட்கிறாராம். நானும் "ஆலெஸ் கூட், நன்றி" என்பேன். எங்கள் சோதனைப்படி அந்தப் பதிலைக் கேட்டதும் என்னைத் தூக்கி வெளியே எடுத்திருக்க வேண்டும். அவருக்கு அது தெரியாது. நான் பாதுகாப்பாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான், அன்று முழுக்க என்னோடு யாரும் கதைக்கவில்லை என்பது தெரியும்.

உங்கள் மகளிடம் போனில் சொன்னேன், கரையில் ஓர் ஆள் நிற்கிறார் என்று. "ஆர் அன்ரி?" என்றாள். "ஒரு நாய்க்காரர்" என்றேன். "அம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா!" என்று சிரித்தாள். பிறகு இருவருக்கும் போனை வைக்க மனம் வரவில்லை.

சென்ற கிழமை அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். ஆலெஸ் கூட் வேண்டாம், இதைக் கேளுங்கள் என்று உங்கள் ஏச்சின் முதல் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பொருள் கேட்டார். சொன்னேன். புருவத்தை உயர்த்தினார்.

"இதை ஒரு பெண்மணியிடம் சொல்லலாமா?"

"என்னிடம் சொல்லலாம்."

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மரியாதையாகப் பேசுங்கள் என்று கற்பித்தவள் நான். அந்த வாங்கில் உட்கார்ந்து, நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்.

இன்று காலை தண்ணீரில் மூடுபனி கிடந்தது. மார்பளவு போனதும் கரையிலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே?"

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கிறவர்போல் அவ்வளவு பணிவாகக் கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்து, மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு என்றைக்காவது நிறுத்தியிருக்கிறீர்களா? அதற்குப் பிறகுதானே உண்மையான ஏச்சுத் தொடங்கும்.

அவரிடம் மிச்சம் இல்லை. அது அவர் குற்றமில்லை. மிச்சமெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. ரயில், கோயில் சபை, மருமகனின் தாடி, என் கூனல், கழுநீர்த் தேத்தண்ணி. ஒவ்வொன்றாக, உரத்த குரலில், ஒன்றும் குழறாமல் சொல்லிக்கொண்டு கரையை நோக்கி நீந்தினேன்.